தரைக்கோடு

“அக்டோபர் 9. இன்றைய தவறு: கோயில் என்றதும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.” மாலைநேரக் கட்டட வரைபட வகுப்போடு கிரேக்கக் கோயில் இடிபாடுகளைப் பார்க்க வந்திருந்த சுகிர்தா, படியில் உட்கார்ந்து அப்படித்தான் டைரியைத் தொடங்கினாள்.

“தேங்கா கொண்டுவரலியாடி?” என்று சிரித்தாள் கூடப் படிக்கும் ரெஜினா.

வெறுங்காலோடு தூண் வரிசையில் நடந்தபோது, தளம் நடுவில் மெல்ல ஏறி மறுபடி இறங்குவதுபோல் சுகிர்தாவுக்குப் பட்டது. மற்றவர்கள் ஸ்கேல் வைத்து நேராக இழுத்த தரைக்கோட்டை அவள் மட்டும் லேசாக வளைத்து வரைந்தாள்.

“அழிச்சிடு. இந்தப் படத்துல மார்க் போச்சுன்னா இன்னொரு வருஷம் கிளாஸுக்கு வரணும்,” என்றாள் ரெஜினா.

ரப்பரை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டுப் படத்தை ஆசிரியரிடம் நீட்டினாள். அன்வர் சார் நெடுநேரம் பார்த்தார். தளத்தின் ஒரு கோடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுகோடியில் குப்புறப் படுத்தார். நடுவில் இருந்த மேடு பாட்டிலை மறைக்க, மூடி மட்டும்தான் தெரிந்தது.

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வந்திருக்கேன்மா. ஷூவோடயே நடந்துட்டுப் போயிட்டேன்.”

ரெஜினாதான் முதலில் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொருவராக வெறுங்காலில் அந்தக் கல்லில் நடந்து பார்ப்பதை சுகிர்தா நிமிர்ந்து நின்று பார்த்தாள். பிறகு டைரியில் அழுத்தி எழுதினாள்: “நாளை அந்த வளைந்த தரைக்கோட்டை, அழிக்க முடியாதபடி மையால் வரைய வேண்டும்.”