இரண்டு நிமிட ஜெபம்

"ஜெபம் மட்டுந்தாம்மா. ரெண்டே நிமிஷம். மனு, கோரிக்கை, அழுகை எதையும் இங்க எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மேயர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்களே.

வருடத்தின் முதல் மாநகராட்சி மன்றக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்குவது அங்கே வழக்கம். போதகரைத்தான் அழைத்திருந்தார்கள். மனிதர் காய்ச்சலில் படுத்துவிட்டு, தனக்குப் பதிலாகச் சபையில் ஜெபம் நடத்தும் பெண்ணை அனுப்பிவைத்தார். வந்து நின்றவளைப் பார்த்ததும்தான் மேயர் ஓடி வந்து இப்படி எச்சரித்தார்.

பின்னே? நாலு வருடமாக மனுவும் கையுமாக அவர் அறை வாசலில் நிற்பவள் அல்லவா! இவள் புருஷன் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கி அடைப்பு எடுக்கிறவன். போன மாதம் அவனோடு வேலை பார்த்த இரண்டு பேர் விஷவாயு தாக்கிக் குழிக்குள்ளேயே செத்துப்போனார்கள். ஆள் இறங்காமல் அடைப்பை உறிஞ்சி எடுக்கும் வண்டி ஒன்று வாங்குங்கள் என்று இவள் கேட்பாள். கோயில் விஷயத்தைக் கோயிலோடு வைத்துக்கொள்ளம்மா என்று மேயர் சொல்லி அனுப்புவார். மன்றத்து வாசலில் கலர் கலராக நீரூற்று வைப்பதில் அவர் மும்முரமாக இருந்தார்.

"சரிங்கய்யா. ஜெபம் மட்டுந்தான்," என்றாள் அவள்.

அன்று மத்தியானம் கடைத்தெருக் குழியில் அவள் புருஷன் இறங்க வேண்டிய முறை. மேயருக்கும் அது தெரியும். காலையில் உத்தரவில் கையெழுத்துப் போட்டதே அவர்தானே.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேயரும் பக்திப் பழமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிடம் நல்லபடியாகத்தான் போயிற்று. மழைக்கு நன்றி சொன்னாள், ஊருக்கு நன்றி சொன்னாள். பிறகு அவள் குரல் கணீரென்று உயர்ந்தது.

"ஆண்டவரே, இனிமே இந்த ஊர்ல ஒரு மனுஷனும் சாக்கடைக் குழிக்குள்ள இறங்க வேண்டாம்னு இந்த மன்றம் முடிவெடுத்ததுக்காக உமக்கு நன்றி. அடைப்பு எடுக்க வண்டி வருதே, அதுக்காக ஸ்தோத்திரம். மேயர் ஐயாவுக்கு இந்த நல்ல மனசைக் கொடுத்தீரே, அதுக்காகவும் ஸ்தோத்திரம். ஆமென்."

மேயருக்குப் பகீரென்றது. கண்ணைத் திறந்தால், உறுப்பினர்கள் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிவா? எந்த முடிவு? யார் எடுத்தது?

துணை மேயரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓகோ, இது இவன் வேலைதான். ரொம்ப நாளாக மேயர் நாற்காலி மேல் கண் வைத்திருக்கிறவன், காதும் காதும் வைத்த மாதிரி வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு இவளிடம் சொல்லியிருக்கிறான். இப்போது இல்லை என்று மறுத்தால், நாளைக்குப் பேப்பரில் நான் பாவி, இவன் புண்ணியவான்.

மேயரா கொக்கா? சட்டென்று மைக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொழிலாளிகளை நினைத்து ஒரு மாதமாகத் தனக்குச் சோறு இறங்கவில்லை என்று கூசாமல் சொன்னார். இதையே முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். துணை மேயர் விடுவாரா? பெயரெல்லாம் இவனுக்கே போய்விடப்போகிறதே என்று விழுந்தடித்துக்கொண்டு வழிமொழிந்தார். தூக்காத கை ஒன்றுகூட இல்லை. நீரூற்றைத் தள்ளிவைத்துவிட்டு வண்டி வாங்குவது, இந்த நிமிடத்திலிருந்து யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. கடைத்தெருவுக்கு ஆள் பறந்தது.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழி ஓரத்தில் நின்ற புருஷன் கயிற்றை அவிழ்த்துவிட்டான் என்று போனில் சேதி வந்தது. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்படியொரு சந்தோஷம் அவள் வாழ்நாளில் அதுவரை வந்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் மேயர் அவளை வராந்தாவில் ஓரங்கட்டினார்.

"உண்மையைச் சொல்லும்மா. வண்டி வாங்க முடிவாயிடுச்சுன்னு உன்கிட்ட யார் சொன்னது? துணை மேயர்தானே?"

"யாருமே சொல்லலீங்கய்யா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எதைக் கேட்டாலும், அது கெடைச்சாச்சுன்னு நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லித்தான் நாங்க ஜெபம் பண்ணுவோம். எங்க ஆளுங்க இறங்குறதுக்கு முன்னாடி, நாலு வருஷமா குழி ஓரத்துல நின்னு இதே ஜெபத்தைத்தான் பண்றேன். இன்னிக்குத்தான் நீங்களும் கூட நின்னீங்க."