ஒத்துக்கொண்ட குறைகள்

தொம்மை கட்ட வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். உப்பளத்தில் வேலைக்கு நடுவே அவன் எடுத்து இணையத்தில் போட்ட பூநாரைப் படங்களில் வைகுண்டமணி அண்ணாச்சி கண்டு சொன்ன குறைகளுக்கான கூலி அது. படம் போட்டவன் நன்றி சொல்லிவிட்டால் குறையை ஒத்துக்கொண்டதாகச் சட்டம்; சொன்னவருக்குக் கூலி கட்டியாக வேண்டும். இவனோ, பெரியவர் ஆயிற்றே என்று ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதியிருந்தான்.

"துட்டு இல்ல அண்ணாச்சி. போனை எடுத்துக்கிடுங்க."

அண்ணாச்சி போனைத் திருப்பிப் பார்த்தார். "லென்ஸ்ல உப்புப் படிஞ்சிருக்கு பாருல. படம் பூராவும் மங்கலா விழுந்தது இதனாலதான்."

"மொத படத்துலேயே தெரியும்லா வே உமக்கு? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?"

"சொல்லியிருந்தா ஒரு குறையோட முடிஞ்சிருக்கும். நான் என்னத்தத் திங்க?"

வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்து, தொம்மையின் முகத்தையே ஒரு படம் எடுத்துப் பார்த்தார். தெளிவாக விழுந்திருந்தது. தன் போனில் கடன் தீர்ந்தது என்று அழுத்திவிட்டு, தொம்மையின் போனை மடியில் செருகிக்கொண்டார்.