கரிக்கு அடியில் மூன்று புள்ளி

குமாசியில் உச்சி வெயில். டூஃபி தன் மகளின் கல்யாணச் சாமான்களோடு வண்டியில் ஏற்றிய பெரிய அலுமினியப் பானையை, அவள் நாத்தனார் செர்வா இறக்கித் தரையில் கவிழ்க்கிறாள். “சாவு வீட்டுச் சமையலுக்குன்னு ஆறு வருசம் முன்னாடி இரவல் வாங்கினீங்க அண்ணி. எங்கம்மா பானை எங்கம்மா பொண்ணுங்களுக்குத்தான். தாய்வழிச் சொத்து அண்ணன் மகளுக்கு எந்த ஊர்ல போகும்?” “உங்கம்மா பேரு எழுதியிருக்கா?” டூஃபி சிரிக்கிறாள். செர்வா தேங்காய் நாரால் கரியைத் தேய்க்கிறாள், நார் கரகரக்கிறது. கறுப்பு விலகிய வெள்ளை வட்டத்தில் ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் மினுங்குகின்றன, அம்மா பெற்ற மூன்று பெண்களுக்கும் ஒவ்வொன்று. முற்றமே கைதட்டுகிறது. தலையில் பானையோடு நிமிர்ந்து நடக்கும் செர்வா வாசலில் நிற்கிறாள். “உங்க மக பிள்ளை பெத்ததும் சொல்லியனுப்புங்க அண்ணி. அவளுக்கு எண்ணெய்ப்பனைப் பழ சூப் வைக்க இரவல் தரேன்.”