வெடிக்காத விதை

2046 பிப்ரவரி 11, ஓசூர். கனோலா ஆராய்ச்சிப் பண்ணையின் புதிய ரகத்துக்கு அன்று அனுமதி கிடைக்க வேண்டியிருந்தது. கடுகின் உறவான கனோலாவின் காய்கள் அறுவடைக்கு முன்பே வெடித்து விதையைக் கொட்டிவிடும். விஞ்ஞானி செண்பகவல்லியின் ரகம் எந்த வெயிலிலும் வெடிக்காது.

அனுமதிக் குழுவுக்கு மதிய விருந்து. கடுகுக்குப் பதில் புது விதையில் தாளிக்கச் செண்பகவல்லி சொல்லியிருந்தார். சமையல்காரர் குப்புராஜ் கரண்டியோடு காத்திருந்தார். எண்ணெய் புகைந்தது. விதை அசையவில்லை.

"மேடம், வெடிக்கவே மாட்டேங்குது!"

"வெடிக்கக் கூடாதுன்னுதானேண்ணே எட்டு வருஷமாப் பாடுபட்டேன்!"

"வயல்லன்னுதானே சொன்னீங்க? சட்டியிலயுமா? வெடிச்சாத்தானே நான் கறிவேப்பிலை போடுவேன்!"

குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"வெடிச்சதும் சாப்பாடுதாங்க."

செண்பகவல்லி அடுப்பை அணைக்க ஓடுவதற்குள் புகை கூரையைத் தொட்டது. தீயணைப்புக் குழாய்கள் திறந்து எல்லோர் தலையிலும் தண்ணீரைக் கொட்டின.

ஈரச் சட்டைகளோடு குழு கூடியது. எண்ணெய் எடுக்க மட்டும் ரகத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. மூட்டைகளில் 'தாளிக்க அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. விருந்தினர்களுக்குத் தாளிக்காத தயிர்சாதம் பரிமாறப்பட்டது.