கீழ்வீட்டுத் தலைக்கணக்கு

"எங்கள் வீட்டில் ஏழு பேர்."

வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் இதைப் படித்ததும் மெஹ்னாஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுதியது அவள் மகன் யாசின். ஒளித்து வைக்க வேண்டிய விஷயத்தைப் பயல் நீல ஸ்கெட்ச் பேனாவில் ஊருக்கே தெரியும்படி எழுதியிருந்தான்.

"டேய், இன்னாடா இது? நாலுன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"ஹவுஸ் ஓனர் கேட்டா நாலுன்னு சொல்லச் சொன்ன. இது மிஸ்ஸு கேட்டாங்க."

நாலாம் வகுப்பு நியாயம்.

"ஒரே ஒரு ஆளை வுட்டாலும் மொத்தக் கணக்கும் தப்பாயிடும்னு மிஸ்ஸு சொன்னாங்கம்மா. ஜீனத் சின்னம்மாவை எப்படி வுடறது?"

ராயபுரத்தில் இருந்த அந்த ஆரம்பப் பள்ளியில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று, ஜானட் டீச்சர் எல்லாப் பாடத்திலும் அதை நுழைத்துவிட்டார். தமிழில் வீட்டு ஆட்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. ஓவியத்தில் வீட்டின் படம். கணக்கில் வீட்டுத் தலைகளை வைத்து ஒரு சொந்தக் கணக்கு. இன்று பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாள்.

அந்தப் பெற்றோரில் தாமஸும் ஒருவர். அதுதான் வினை. மெஹ்னாஸ் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மாடியில் இருப்பவர். அவர் மகள் ஷைனி யாசினோடு படிக்கிறாள்.

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மனுஷர், குடிவந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார்: "நாலு பேருன்னா நாலு பேருதான். தண்ணி பத்தாது. ஒரு தலை கூடிச்சுன்னாலும் காலி பண்ணிக்கினு போயினே இருக்கணும்."

மூன்று மாதம் முன்னால், புருஷன் துரத்திவிட்டான் என்று தங்கை ஜீனத் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றாள். போ என்று சொல்ல மனசு வருமா? அன்றிலிருந்து அந்த மூன்று பேருக்கும் வரப்போகப் பின்பக்கச் சந்துதான். பிள்ளைகள் அழுதால் மெஹ்னாஸ் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். நாலு பேர் தண்ணீரில் ஏழு பேரைச் சமாளிக்கிற தன் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அட்டையின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். மைதா பசை, அசையவில்லை.

"ஐயோ, இன்னா பண்றீங்க?" ஜானட் டீச்சர் ஓடி வந்தார்.

"மிஸ், அந்த ஏழு வாணாம் மிஸ். நாலுன்னு மாத்திடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். வூடு போயிடும்."

"யாசின் பொய் எழுதலையே?"

"அதான் மிஸ் பேஜாரே!"

வாசலில் தாமஸின் குரல் கேட்டது. மெஹ்னாஸ் சட்டென்று திரும்பி, அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

தாமஸ் ஒவ்வொரு அட்டையாக நின்று படித்துக்கொண்டே வந்தார். மனுஷருக்கு அவசரமே இல்லை.

"இன்னாம்மா, இங்கயே நின்னுகினு கீற? உன் பையனுது எங்க?"

"அது... இன்னும் ஒட்டலைண்ணே."

"ஒட்டிட்டாங்கம்மா! உன் பின்னாலதான் கீது" என்றான் யாசின். பெற்ற பிள்ளையே காட்டிக் கொடுத்தான்.

தாமஸ் அவளையே பார்த்தார். அவள் நகரவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏழு பேரும் தெருவில் நிற்பது கண் முன்னால் வந்தது. தன் குடும்பமாவது எங்காவது ஒண்டிக்கொள்ளும். ஜீனத் எங்கே போவாள்?

அந்த நேரம் பார்த்து ஷைனி மெஹ்னாஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, என்னுது பக்கத்துலதான் கீது. பெரியவங்க யாராச்சும் என் கணக்கைப் படிச்சு விடை சொல்லணும். எங்கப்பா மாட்டேன்றாரு, நீங்க சொல்லுங்க."

"ஏய், சும்மா கெட" என்றார் தாமஸ். அவர் குரல் லேசாகத் தடுமாறியது. "அத்தெல்லாம் வாணாம். வா, போலாம்."

பேச்சு மாறினால் போதும் என்றிருந்தது மெஹ்னாஸுக்கு. நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி, ஷைனியின் அட்டையைச் சத்தமாகப் படித்தாள்:

"கீழ் வீட்டில் நான்கு பேர் இருந்தபோது, அவர்கள் தொட்டிக்கு அப்பா தினமும் இருபது நிமிடம் மோட்டார் போட்டார். மூன்று மாதமாக அங்கே ஏழு பேர் இருப்பதால், முப்பத்தைந்து நிமிடம் போடுகிறார். அப்படியானால், ஒருவருக்கு எத்தனை நிமிடத் தண்ணீர்?"



"அப்பவும் அஞ்சு, இப்பவும் அஞ்சு!" என்று முந்திக்கொண்டு கத்தினான் யாசின்.

மெஹ்னாஸ் சுவரை விட்டு மெதுவாக விலகினாள். மூன்று மாதப் பெருமையும் மூன்று மாதப் பயமும் ஒன்றாகக் கரைந்து கண்ணில் வந்து நின்றன.

"தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பயந்துகினு அந்தப் பொண்ணை அனுப்பிச்சிடுவ. அதான் கேக்கல."

தாமஸ் மகளை இழுத்துக்கொண்டு நடந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, அதே கறாரான குரலில் சொன்னார்:

"நாளையிலேர்ந்து உன் தங்கச்சியை முன்பக்க கேட்டு வழியாவே வரச் சொல்லு. சந்துல வெளக்கு இல்ல, பசங்க வுயுந்து வெக்கப் போவுது."