சூறாவளி வண்டிகளை நிறுத்துகிறவள்

சூறாவளி மோட்டார் சைக்கிள் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அதன் வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான் பூங்கோதையின் வேலை. வண்டியின் ஸ்பீக்கரிலேயே உரிமையாளரை அழைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். ஆரம்பத்தில் அழுதிருக்கிறாள். இப்போது எதுவும் தோன்றுவதில்லை.

அன்று பேசியவர் சித்தேரி மலைப்பாதையில் இருந்தார். "அம்மா, பின்னாடி என் சம்சாரம் பிரசவ வலியில உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் விடுங்கம்மா!"

தள்ளிப்போட அவளுக்கு அதிகாரமில்லை. "அப்ப பேச்ச நிறுத்தாதீங்கண்ணே. எதையாவது சொல்லிக்கிட்டே போங்க" என்றாள்.

வழியில் வந்த பாலம், புளியமரம், ரேஷன் கடை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பூங்கோதை உம் கொட்டினாள். மேற்பார்வையாளர் இரண்டு முறை வந்து முறைத்தார், அவள் திரும்பவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து, "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று விம்மினார்.

"நல்லதுண்ணே. வைக்கட்டுமா?"

"இருங்கம்மா. எங்க மலைக்கு பஸ் கிடையாது. பச்சப்புள்ளையோட எப்படித் திரும்புறது?"

கொஞ்ச நேரம் அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்த வண்டியை அழைத்தாள்.