எட்டடி

"ஒரு மொழம் கொறையுதுக்கா!" என்று மிஷின் டிரைவர் கத்தினான்.

அறுவடை மிஷின் அவளுடைய வயலின் கடைசி வரப்பை ஒட்டி நின்றது. தொட்டி நிறைய நெல். அவள் ரோட்டில் நின்ற டிராக்டர் டிரெய்லருக்குள் இருந்தாள். இரண்டுக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம்.

நெல்லைக் கொட்டும் குழாயை அவன் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டான். ரோட்டு ஓரம் வரை வந்தது. டிரெய்லருக்கு எட்டவில்லை.

"தெரியும்," என்றாள்.

அந்த எட்டடி அவளுடையது இல்லை.

கணவனின் அண்ணன் தியாகேசனுடையது. பாகம் பிரித்தபோது ரோட்டோரம் அவருக்குப் போனது. ஒரு காலத்தில் மாட்டு வண்டி போன தடம்தான். இப்போது நடுவில் கல் நட்டிருக்கிறார்.

தடம் விடமாட்டேன் என்று அவர் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், விடுகிறேன் என்றுதான் சொன்னார். ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

போன வருஷமும் அவள் கேட்கவில்லை. நெல்லை மூட்டை பிடித்து, ஆள் வைத்து, வரப்பு வரப்பாகச் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். பாதி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முளைத்த நெல்லை யாரும் வாங்கவில்லை.

கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று சிங்கப்பூரிலிருந்து கணவன் போனில் கேட்டான்.

குறையும். அவனுக்குப் புரியாது. தம்பியாகப் பிறந்தவன். அண்ணனிடம் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன்.

இந்த வருஷம் டயருக்குப் பதில் பெல்ட் போட்ட மிஷின் கிடைத்தது. பின்பக்கத்து வயல்கள் வழியாகச் சேற்றில் ஊர்ந்து வந்துவிட்டது. அந்த வயல்காரர்களிடம் அவளே போய்க் கேட்டாள். அவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லவில்லை.

டிராக்டர் அந்தச் சேற்றில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அது ரோட்டில்தான் நின்றாக வேண்டும்.

தியாகேசன் காலையிலேயே பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டார். தன் எட்டடிக்குள் போட்டு உட்கார்ந்துகொண்டார். சலவை வேட்டி. தோளில் துண்டு.

குழாய் எட்டவில்லை என்றதும் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

அவள் காலடியில் கிடந்த சாக்குச் சுருளை எடுத்தாள்.

உரச்சாக்குகளைப் பிரித்து, இரண்டு மடிப்பாக வைத்து அவளே தைத்தது. இரண்டு பக்கமும் திறந்த நீளமான பை. சட்டைக் கை மாதிரி.

போன வாரம் இதே மிஷின் அடுத்த ஊரில் ஓடியது. அப்போதே குழாயைக் கயிறு போட்டு அளந்துவிட்டாள். எட்டடியை அளப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவர் மண்ணில் கால் வைக்காமல் அளக்க வேண்டுமே. கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி, வரப்பில் நின்று ரோட்டுக்கு எறிந்தாள்.

இப்போது சுருளை டிரைவரிடம் எறிந்தாள். தியாகேசனின் தலைக்கு மேலே.

டிரைவர் பிரித்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குழாயின் வாயில் மாட்டி இறுக்கிக் கட்டினான். திருப்பிவிட்டான். அவள் பையின் நுனியைப் பிடித்து டிரெய்லருக்குள் இழுத்துக்கொண்டாள்.

நெல் வந்தது.

பை விறைத்தது. கையில் உதறியது. வெயில் சூட்டோடு நெல் காலைச் சுற்றி ஏறியது.

அவருடைய மண்ணில் ஒரு மணிகூட விழவில்லை. அவருக்கு மேலே, அவரைக் கேட்காமல், அவளுடைய நெல் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதில்லை.

தூசு அவர் மேல் இறங்கியது. நெல் தூசு. அரிப்பெடுக்கும். கழுத்தைச் சொறிந்தார். முழங்கையைச் சொறிந்தார். நாற்காலியை நகர்த்தவில்லை. நகர்த்தினால் தோற்றதாகிவிடும்.

மிஷின் அறுக்கப் போனது. நிறைந்து வந்து கொட்டியது. மறுபடியும் போனது. அவர் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

கடைசித் தொட்டி.

பை லேசாக வழுக்கியது. அவள் இழுத்துப் பிடிப்பதற்குள் இரண்டு படி நெல் கீழே கொட்டிவிட்டது.

எட்டடிக்குள். அவர் காலடியில்.

மீதி நெல்லும் டிரெய்லருக்குள் விழுந்து முடிந்தது. டிரைவர் மிஷினை அணைத்தான். இறங்கிப் போய் வரப்பில் உட்கார்ந்தான்.

தியாகேசன் கீழே கிடந்த நெல்லைப் பார்த்தார்.

மிதித்துக்கொண்டு போக முடியாது. அவரும் விவசாயிதான். அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அடுத்தவர் நெல்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்தார். தோள்துண்டை விரித்தார். குனிந்து, மண் சேராமல் அள்ளி அள்ளிப் போட்டார். முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். டிரெய்லரின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

அவள் முழங்கால் வரை நெல்லில் நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இத... உன் வண்டியில கொட்டட்டுமாம்மா?"

அவள் காதோரம் கையை வைத்துக் குனிந்தாள்.

"மிஷின் சத்தத்துல காதுல விழல மாமா. இன்னொரு தடவ சொல்லுங்க."

எட்டடி தாண்டி, வரப்பில் டிரைவர் பீடிக்குத் தீக்குச்சி உரசுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.